நாடாவை வழியனுப்பியது

கடல் கடந்து செல்லும் மாணவர்க்கு வழியனுப்பு விழா எடுத்தல் நம் கல்லூரிக்குப் புதிதன்று. மாலை உண்டு; சிற்றுண்டி உண்டு; வாழ்த்துரையும் உண்டு. யாம் ஈண்டு எழுதப் புகுவதோ மாலை பெறாத ஒரு பயணியைப் பற்றியது. அப்பயணிக்குக் கால்கள் நான்கு; நிறம் செம்மண்; வலச்செவியின் நுனி சற்றே மடிந்திருக்கும். அதன் பெயர் நாடா.

‘நாயைப் பற்றியும் ஒரு கட்டுரையா?’ என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எமக்கு அந்நகைப்பிற்கு விடை கூறுதல் அரிதன்று. தொல்காப்பியனார் மரபியலில் நாயின் இளமைக்குக் குருளை என்று பெயர் வகுத்துச் சென்றார். நாலடியார் யானையின் நட்பினும் நாயின் நட்பை மேலாக வைத்தது. பாரதத்திலோ, தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டு விண்ணுலகத் தேரில் ஏறத் தருமபுத்திரர் உடன்படவில்லை. ஆகவே நாய் புலவர் மன்றத்திற்குப் புறம்பான பொருளன்று. ஆயினும் ஒன்று கூறுவோம். நாயோடு தாமும் தேர் ஏறுதல் வேறு. நாயைத் தேரில் ஏற்றிவிட்டுத் தாம் தரையில் நின்றுவிடுதல் வேறு. பின்னையதே எமக்கு விதிக்கப்பட்டது. அதனை யாம் எத்துணை இழுக்குடன் தொடங்கினோம், எவ்வாறு ஒருவாறு செவ்வையாக முடித்தோம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எம் இல்லம் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தை அடுத்த ஒரு தெருவில் உள்ளது. விடியற்காலையில் அத்தெருவில் முதலிற் கேட்பது தறியின் ஒலி. அடுத்துக் கேட்பது கோயில் மணி. ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்விரண்டோடு எம் ஆலய மணியும் சேர்ந்துகொள்ளும். 2019-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் தொடங்கி, வரதராசப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் திருவுருவம் 40 ஆண்டுகளுக்குப் பின் குளத்தினின்று வெளிப்போந்து, 48 நாட்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றதனை அறியாதார் இலர். நாடெங்கணும் இருந்து மக்கள் வெள்ளம் எம் ஊரிற் புகுந்தது. அவ்வெள்ளத்தில் தாயைப் பிரிந்ததோ, வண்டிச் சக்கரத்திற்கு அஞ்சி ஓடிவந்ததோ, ஒரு நாட்டு நாயின் குருளை எம் வாயிற்படியின் கீழ் ஒடுங்கிக் கிடந்தது. எம் தந்தையார் அதனைத் துண்டில் துடைத்து எடுத்து வந்தார். அவ்வேளையில் எம் தமக்கையாரின் மகளுக்கு வயது ஒன்று. சுவரைப் பிடித்து நடை பயிலும் பருவம். குழந்தையும் குருளையும் ஒரே பாயிற் புரண்டு வளர்ந்தன.

பெயரிட்டவர் எதிர்வீட்டு நெசவாளர். எழுபது வயதைக் கடந்தவர். யாம் அவரைத் தாத்தா என்றே அழைப்போம். தெருவின் இக்கோடிக்கும் அக்கோடிக்கும் அக்குருளை ஓயாது ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டு, “இது நாய் அன்று தம்பி, நாடா” என்றார். தறியில் ஊடையிழையைச் சுமந்துகொண்டு இருமருங்கும் ஓடுவதன்றோ நாடா! அப்பெயரே நிலைத்தது.

2021-ஆம் ஆண்டில் எம் தந்தையார் காலமானார். அதன்பின் நாடா எம் அன்னையாரின் கட்டிலடியில் உறங்கத் தொடங்கியது. யாம் நாள்தோறும் புகைவண்டியிற் கல்லூரிக்குச் சென்று மீள்பவர். மாலையில் எம் காலடியோசை தெருமுனையிற் கேட்டவுடன் அஃது ஓடிவரும். அது வந்த பின்னரே யாம் வீடு திரும்பியதாக எமக்குத் தோன்றும்.

எம் தமக்கையார் செவிலியர். 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்து நாட்டின் வடபகுதியில் ஓர் ஊர் மருத்துவமனையிற் பணி பெற்றுச் சென்றார். அவர் கணவரும் குழந்தையும் ஆகஸ்டுத் திங்களிற் செல்வதாக ஏற்பாடு. தாய் புறப்பட்ட அன்று குழந்தை அழவில்லை. நாடாவின் முதுகிற் கைவைத்தபடி வாயிலில் நின்றது. சில நாட்களுக்குப் பின், “நீயும் அப்பாவும் விமானத்திற் போகப்போகிறீர்கள்” என்று சொன்னபோது அது கேட்டது ஒரே கேள்விதான்: “நாடாவுக்குச் சீட்டு வாங்கியாயிற்றா?”

எவரும் விடை கூறவில்லை. அன்றிரவு குழந்தை உண்ணவில்லை, மறுநாளும் உண்ணவில்லை. தொலைபேசியில் இதனைக் கேட்ட தமக்கையார் நெடுநேரம் பேசாதிருந்தார். முடிவில் எம் அன்னையாரே பேசினார்: “குழந்தைக்கு அங்கே ஊர் புதிது, மொழி புதிது, பள்ளி புதிது. பழையது ஒன்றாவது கூட இருக்கட்டும். நாடா போகட்டும்.” சொல்லிவிட்டு அவர் அடுக்களைக்குள் சென்றார். நாடா அவர் பின்னே சென்றது. குழந்தை போகிறது, நாயும் போகிறது, எஞ்சுவோர் அன்னையாரும் யாமும் மட்டுமே என்னும் கணக்கு அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று.

பயண ஆயத்தத்தை யாம் மேற்கொண்டோம். நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி இடுவித்து வந்தோமாதலின், சீட்டு வாங்குதல் ஒன்றே எஞ்சிய வேலை என்று எண்ணியிருந்தோம். தடுப்பூசி அட்டையைக் கையிற் கொண்டு கால்நடை மருத்துவரிடம் சென்றபோது எம் அறியாமை வெளிப்பட்டது. “இந்நாய்க்கு மைக்ரோசிப் எங்கே?” என்று அவர் வினவினார். இல்லை என்றோம். “அப்படியாயின் இவ்வட்டை பயணத்திற்கு உதவாது” என்றார்.

மைக்ரோசிப் என்பது அரிசி மணி அளவினதாகிய ஒரு சிறு குழல். ஊசியின் வாயிலாகத் தோள்களுக்கிடையே தோலின் கீழ் அதனைச் செலுத்துவர். அதனுள் 15 இலக்கமுள்ள ஓர் எண் உண்டு. படிக்கும் கருவியை அருகிற் கொணர்ந்தால் அவ்வெண் தோன்றும். தடுப்பூசி பெற்ற நாய் இதுவே என்பதற்கு அவ்வெண்ணே சான்று. ஆகலின் சிப்பை முன்னதாகவோ அதே நாளிலோ வைத்த பின்னரே தடுப்பூசி இடல்வேண்டும். சிப்பு வைக்குமுன் இட்ட ஊசிகள் கணக்கில் வாரா. அதன்பின் குறைந்தது 30 நாட்கள் கழித்துக் குருதி எடுத்து, ஒப்புதல் பெற்ற ஆய்வகத்திற்கு அனுப்பவேண்டும். குருதி நீரில் நோயெதிர்ப்புப் பொருள் ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகேனும் இருத்தல் வேண்டும். அவ்வாறு இருப்பினும் குருதி எடுத்த நாளினின்று மூன்று திங்கள் காத்திருக்கவேண்டும். இந்தியாவினின்று பிரிட்டனுக்குச் செல்லும் எந்நாய்க்கும் விதி இதுவே. கூட்டிப் பார்க்கின், ஆகஸ்டுத் திங்கட் பயணம் நவம்பருக்குத் தள்ளிப் போயிற்று. முற்கூட்டியே கேட்டறியாதது எம் பிழை.

இத்துணைக் கடுமை எதற்கு என்று முதலில் யாம் சினந்தோம். பின்னர் அதன் வரலாற்றைப் படித்தபோது சினம் தணிந்தது. பிரிட்டன் தீவாதலின் வெறிநோயைத் தன் எல்லையினின்று ஓட்ட அதற்கு இயன்றது; 1902-ஆம் ஆண்டில் அந்நோய் அங்கு ஒழிந்தது. முதற் பெரும்போர் முடியும் காலத்தில், அயல்நாடுகளினின்று கொணரப்பட்ட நாய்களின் வழியே 1918-இல் அது மீண்டும் புகுந்தது. 1922-இல் மறுபடியும் ஒழிக்கப்பட்டது. இந்நினைவினால் அந்நாட்டார் வெளிநாட்டு நாய்களை ஆறு திங்கள் தனிக்கொட்டிலில் அடைத்து வைக்கும் வழக்கத்தை நெடுங்காலம் கைக்கொண்டனர். 2000-ஆம் ஆண்டில் சில நாடுகளுக்கு அதனைத் தளர்த்தினர். இந்தியா முதலிய நாடுகளின் நாய்களுக்கு, குருதிச் சோதனையும் மூன்று திங்கட் காத்திருப்பும் போதும் என்னும் விதி 2012-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. ஆகவே நாடா பிறந்த காலம் நற்காலமே. முற்காலத்து நாயாக இருந்திருப்பின், அஃது ஆறு திங்கள் தன்னந்தனியே கம்பிக்குப் பின் கிடந்திருக்கும்.

நம் நாட்டு நிலையோ வேறு. பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885-ஆம் ஆண்டில் வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனைத் தம் ஊசியினாற் காப்பாற்றினார். அவர் பெயரால் நம் நீலகிரிக் குன்னூரிலும் 1907-ஆம் ஆண்டில் ஒரு நிலையம் ஏற்பட்டது. அங்ஙனமாகியும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தார் கணக்கிட்டுள்ளனர். அவருள் மூவரில் ஒருவர் இந்தியர். கடிபட்ட பின் உடனே முறையாக ஊசி இட்டுக்கொண்டால் தடுக்கக்கூடிய நோய் இது. நோய்க்குறி தோன்றிய பின்னரோ பிழைத்தல் அரிது. நாயின்மேல் அன்புடையார் அதற்கு ஊசி இடுவித்தலைத் தம் முதற்கடனாகக் கொள்ளவேண்டும் என்பதை யாம் இதனாற் கற்றோம்.

ஜூலை 8-ஆம் நாள் நாடாவுக்குச் சிப்பும் ஊசியும் ஒருங்கே இடப்பட்டன. ஆகஸ்டு 9-ஆம் நாள் முன்காலினின்று குருதி எடுத்தனர். யாம் அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அஃது உறுமவில்லை, ஊசி குத்திய மருத்துவரின் கையையே நக்கிற்று.

இங்கு ஓர் உண்மையை மறையாது கூறவேண்டும். பயணம் தள்ளிப்போயிற்று என்று மருத்துவர் சொன்னபோது யாம் வருந்தியதாக முகங்காட்டினோம், உள்ளத்திலோ மகிழ்ந்தோம். நான்கு திங்கள் நாடா எம்மோடிருக்கும் என்பதே அம்மகிழ்ச்சி. குருதி ஆய்வகத்திற்குச் சென்றபின் எம் எண்ணம் இன்னும் கீழே இறங்கியது. அந்த 0.5 என்னும் அளவுக்குச் சிறிது குறைந்து வந்தால் என்ன என்று இரவில் படுக்கையில் நினைத்தோம். குறைந்தால் மீண்டும் ஊசி, மீண்டும் காத்திருப்பு. ஒருவேளை அவர்கள் சலித்து நாயை எம்மிடமே விட்டுச்செல்வர். செப்டம்பர்த் திங்களில் விடை வந்தது. அளவு வேண்டியதற்கு மேலாகவே இருந்தது. அன்னையார் ஆண்டவருக்கு நன்றி கூறினார். யாமும் கண்களை மூடினோம். ஆனால் எம் வாயில் நன்றி வரவில்லை.

அடுத்த வேலை பெட்டி. விமானத்தில் நாய் செல்லும் பெட்டிக்குப் பன்னாட்டு விமானப் போக்குவரத்துக் கழகத்தார் அளவு வகுத்திருக்கின்றனர். மூக்கு நுனி முதல் வாலின் அடி வரையுள்ள நீளத்தோடு, தரையினின்று முழங்கை வரையுள்ள உயரத்திற் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். தோளகலத்தை இரட்டித்தால் அகலம். நிற்கும்போது செவி நுனி வரையுள்ள உயரத்தோடு விரிப்பின் கனத்தையும் கூட்டினால் உயரம். நாய் உள்ளே நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும் என்பதே கருத்து. நாடாவை அளந்தோம். நீளம் 76 செண்டிமீட்டர், முழங்கை உயரம் 34. ஆகப் பெட்டியின் நீளம் 93. “இரண்டு முழத்திற்குச் சற்று மேல்” என்றார் தாத்தா.

கடையில் அவ்வளவான பெட்டி விலை மிகுதியாயிருந்தமையால், தாத்தாவுக்குத் தறிச் சட்டம் செய்து தரும் தச்சரே அதனைச் செய்ய முன்வந்தார். மரத்திலும் ஒரு விதி உண்டு. அயல்நாட்டுக்குச் சரக்கு ஏற்றும் பச்சை மரப் பெட்டிகளை, உட்புறம் 56 பாகை வெப்பம் 30 நிமிடம் ஏறும்படி சூடாக்கி முத்திரையிடல் வேண்டும். மரத்தினுள் வாழும் புழுக்கள் நாடு தாண்டாதிருத்தற்பொருட்டு. ஒட்டுப்பலகைக்கு அவ்விதி இல்லை. ஆகவே தச்சர் ஒட்டுப்பலகையாலேயே செய்தார். நாற்புறமும் காற்று வழி. மூக்கோ பாதமோ வெளியே நீளாத அளவு சிறு துளைகள். முன்புறம் இரும்புக் கம்பிக் கதவு. கதவைத் திறவாமலே வெளியினின்று நீர் ஊற்றத்தக்க கிண்ணம். பட்டுத்தறியின் மூலைப் பொருத்துகளைப் போலவே அப்பெட்டியின் மூலைகளும் இழைத்துச் சேர்க்கப்பட்டிருந்தன. கூலி எவ்வளவு என்றதற்கு, “நாடா நம்ம தெரு நாய், பலகைக்கு மட்டும் கொடுங்கள்” என்றார்.

பெட்டி வந்தபின் செய்யவேண்டியது பழக்கம். பயணத்தன்று முதன்முதலாக அடைத்தால் நாய் நடுங்கிக் கதவைக் கடித்துப் பல்லை முறித்துக்கொள்ளும். ஆகவே பல வாரங்கள் முன்னதாகவே பெட்டியை வீட்டில் திறந்து வைத்து, அதுவே தன் இருப்பிடம் என்று அது எண்ணும்படி செய்யவேண்டும் என்று மருத்துவர் தெளிவாகக் கூறியிருந்தார். அண்டை வீட்டார் ஒருவர், “தூக்க மருந்து கொடுத்துவிட்டால் போயிற்று” என்றார். அது கூடவே கூடாது என்றார் மருத்துவர். மயக்க மருந்து வானத்தில் மூச்சையும் நாடித்துடிப்பையும் தாழ்த்திவிடும். தடுமாறி விழும் நாய் தன்னைத் தாங்கிக்கொள்ளவும் இயலாது. நாயை அமைதிப்படுத்தும் மருந்து பழக்கம் ஒன்றே.

அப்பழக்கத்தை யாம் செய்யவில்லை. நாள்தோறும் பெட்டியைப் பின்கட்டில் மூடி வைத்தோம். அதன்மேல் எம் இலக்கணப் புத்தகங்களை அடுக்கினோம். தமக்கையார் தொலைபேசியில், “பழகுகிறதா?” என்று கேட்டபோதெல்லாம், “பழகிக்கொண்டிருக்கிறது” என்று பொய் கூறினோம். பத்து நாட்கள் இவ்வாறு கழிந்தன.

பதினோராம் நாள் தாத்தா பின்கட்டுக்கு வந்தார். பெட்டியையும் புத்தகங்களையும் பார்த்தார். எம் முகத்தையும் பார்த்தார். ஒன்றும் வினவாது, “கொஞ்சம் என்னோடு வா தம்பி” என்று தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர் தறியில் பாவு பிணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பாவு முடிந்தபின், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழம்பாவின் இழையோடு விரலாற் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்கும் வேலை அது. ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றும் தப்பலாகாது.

அவர் பிணைத்துக்கொண்டே பேசினார்: “இந்தப் புடைவையை உடுத்தப் போவது யார் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுப் பெண்கள் உடுத்தப் போவதில்லை. அதற்காக ஓர் இழையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? இப்போது ஒன்றும் தெரியாது. எங்கேயோ ஒரு கலியாண வீட்டில் தெரியும். அப்போது நான் அங்கே இருக்க மாட்டேன்.” சற்று நிறுத்தி மீண்டும் சொன்னார்: “நீ பழக்காமல் விட்டால் நாய் இங்கேயே நின்றுவிடாது தம்பி. பயந்துகொண்டு போகும். அவ்வளவுதான் வேறுபாடு.”

எமக்கு விடை வரவில்லை. நாடா போவது முன்னரே முடிவாகிவிட்டது; எம் கையில் இருந்தது அஃது எவ்வாறு போகும் என்பது மட்டுமே. எம் சோம்பலுக்கு அன்பு என்று பெயரிட்டு, அதன் அச்சத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். அன்றிரவே தமக்கையாருக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னோம். அவர் சினக்கவில்லை. “எனக்குத் தெரியும், குழந்தை அன்றே சொல்லிவிட்டாள்” என்றார். பின்பு, தம் மகளைக் கண்டு ஆறு திங்கள் ஆயிற்று என்று சொல்லிக் குரல் தழுதழுத்தார். யாம் மகிழ்ந்த ஒவ்வொரு நாளும் அவருக்குத் தம் குழந்தையைப் பிரிந்த நாள் என்பது அதுவரை எம் சிந்தையில் எழவேயில்லை.

மறுநாள் புத்தகங்களை அகற்றினோம். கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்தோம். உள்ளே நாடா வழக்கமாகப் படுக்கும் பழைய கோணியையும், அன்னையாரின் கிழிந்த நூற்புடைவை ஒன்றையும் விரித்தோம். முதல் நாள் அஃது எட்டிப் பார்த்துவிட்டு விலகிச் சென்றது. உணவைப் பெட்டியின் வாயிலில் வைத்தோம், பின்பு ஒரு சாண் உள்ளே, பின்பு கடைசியில். ஒரு வாரத்தில் உள்ளே சென்று உண்டது. கதவைப் பொருத்தி ஒரு நிமிடம் மூடினோம், பின்பு ஐந்து, பின்பு ஒரு மணி நேரம். முதலில் அருகில் அமர்ந்து யாப்பருங்கலக்காரிகை படித்தோம். பின்பு அடுத்த அறைக்குச் சென்றோம். பின்பு தெருமுனை வரை சென்று திரும்பினோம். பெட்டியோடு சிறு சரக்கு வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றி வந்தோம். குழந்தையும் உடன் வந்து, “பயப்படாதே, நானும் வருவேன்” என்று கம்பி வழியே சொல்லிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 31-ஆம் நாள் தீபாவளி. வெடி என்றால் நாடாவுக்கு ஆகாது. ஆண்டுதோறும் கட்டிலின் கீழும், கிணற்றடியிலும், குதிரின் பின்னும் ஓடி ஒளிந்து நடுங்கும். அவ்வாண்டு முதல் வெடி வெடித்தவுடன் அதனைக் காணோம். வீடெங்கும் தேடினோம். கூடத்துப் பெட்டியினுள், புடைவையின்மேல் முகம் வைத்து, ஒருவரும் அழையாமல் தானே சென்று படுத்திருந்தது. உடம்பு சிறிது நடுங்கினும் கண் மூடியிருந்தது. “இனிக் கவலை இல்லை” என்றார் அன்னையார். யாம் பெட்டியருகிற் சென்று அமர்ந்தோம். செய்யவேண்டியதை ஒழுங்காகச் செய்தோம் என்னும் நிறைவும், அதனாலேயே இழக்கப்போகிறோம் என்னும் துயரும் ஒருங்கே எம் நெஞ்சில் இருந்தன.

எஞ்சிய கடமைகளை விரைந்து கூறுவோம். நாயை உடையவர் அதே நாளிலோ, முன்பின் ஐந்து நாட்களுக்குள்ளோ பயணம் செய்தல் வேண்டும்; தமக்கையாரின் கணவரும் குழந்தையும் அதே விமானத்திற் செல்வதாயிற்று. குடிபெயர்வோர் தம் உடைமைக்கு வரிவிலக்குக் கோரும் மனுவில் நாற்காலி, பாத்திரங்களோடு நாடாவின் பெயரும் எழுதப்பட்டது. நாடாப்புழுவிற்குரிய மருந்தை, அந்நாட்டை அடைவதற்கு 24 மணி நேரத்திற்குக் குறையாமலும் 120 மணி நேரத்திற்கு மேற்படாமலும் மருத்துவர் கையால் கொடுக்கவேண்டும். அதன் நாளும் மணியும் சான்றிதழில் ஏறவேண்டும். நாடாவுக்கு நாடாப்புழு மருந்தா என்று தாத்தா நகைத்தார். சென்னையை அடுத்த பள்ளிக்கரணையில் நடுவணரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு நிலையம் உள்ளது. அங்கு நாயை நேரிற் கொண்டு சென்று, சிப்பெண்ணைப் படிப்பித்து, உடல்நலம் காட்டிச் சான்று பெற்றோம். அந்தச் சான்று கொடுத்த நாளினின்று பத்து நாட்களுக்குள் அந்நாட்டை அடையவேண்டும்.

பயணம் டிசம்பர் முதல் நாள் விடியலில் என்று குறித்திருந்தது. நவம்பர் 29-ஆம் நாள் காலை ஒன்பது மணிக்குப் புழு மருந்து கொடுத்தாயிற்று. மறுநாள் ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கியது. காஞ்சிபுரத்தில் மழை ஓயவில்லை. சென்னை விமான நிலையம் நண்பகலில் மூடப்பட்டது. பயணம் டிசம்பர் 3-ஆம் நாள் விடியலுக்கு மாறிற்று. மருந்தின் 120 மணி நேரம் கடந்துவிடுமோ என்று அஞ்சி, யாமும் தமக்கையாரின் கணவரும் விளக்கடியில் அமர்ந்து இரு நாட்டு மணிகளையும் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். விமானம் குறித்த நேரத்திற் சென்றால் 15 மணி நேரம் மிஞ்சும். குருதிச் சோதனையில் நாடா தோற்கவேண்டும் என்று முன்பு விரும்பிய யாம், அவ்விரவு மழை நிற்கவேண்டும் என்று மெய்யாகவே மன்றாடினோம். எம்மில் நிகழ்ந்த மாற்றத்தை எமக்கே உணர்த்திய இரவு அது.

இரண்டாம் நாள் பிற்பகல் மீனம்பாக்கத்துச் சரக்குப் பகுதிக்குச் சென்றோம். அன்னையார் வரவில்லை, வாயிலிலேயே நாடாவின் நெற்றியைத் தடவி உள்ளே சென்றுவிட்டார். தாத்தா தம் தறியில் எஞ்சிய பட்டுநூலைத் திரித்துக் கழுத்துப்பட்டையிற் கட்டினார். “கருநாடகத்திலிருந்து பட்டு வருகிறது, சூரத்திலிருந்து சரிகை வருகிறது, இங்கே நெய்தபின் அது காஞ்சிப்பட்டு. எங்கே பிறந்தது என்று யார் கேட்கிறார்கள்? இவனும் அங்கே அந்த ஊர் நாய் ஆகிவிடுவான்” என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சரக்குப் பகுதியில் பெட்டியை நிறுத்து, எண் படித்து, மேற்புறம் எது என்று காட்டும் அம்புக்குறிகளும், உயிருள்ள விலங்கு என்னும் சீட்டும் ஒட்டினர். நாடா இறங்கிச் சிறிது நடந்து, நீர் குடித்தது. பின்பு யாம் பெட்டியின் கதவைத் திறந்தோம். அஃது எம்மை ஒருமுறை நோக்கிற்று. தானே உள்ளே சென்று, ஒரு சுற்றுச் சுற்றி, அன்னையாரின் புடைவையின்மேற் படுத்தது. கதவை மூடியவர் யாமே. பணியாளர் பெட்டியைத் தள்ளிச் சென்றபோது அது குரைக்கவில்லை. குரைத்திருந்தால் எம் துயரம் சிறிது ஆறியிருக்குமோ என்னவோ! ஆயின் குரையாமையே யாம் செய்த வேலையின் பயன்.

மறுநாள் மாலை செய்தி வந்தது. ஹீத்ரோ விமான நிலையத்து விலங்கு வரவேற்பு நிலையத்தில் தாள்களைச் சரிபார்த்து, அன்றே நாடாவை விடுவித்தனர். தொலைபேசியின் திரையில் கண்டோம். தமக்கையார் தரையில் அமர்ந்திருந்தார். அவர் மடியில் குழந்தை. குழந்தையின் மடியில் நாடாவின் தலை. எம் குரலைக் கேட்டு அது செவியை நிமிர்த்திற்று. மடிந்த நுனி மட்டும் மடிந்தே இருந்தது. எம்மைத் தேடித் திரையின் பின்புறம் சென்று பார்த்தது. அன்னையார் நகைத்தார், பின்பு அழுதார்.

இப்பொழுது மாலையில் யாம் தெருமுனையில் திரும்பும்போது ஓடிவருவது ஒன்றும் இல்லை. தறியொலி மட்டும் கேட்கும். முதற்சில வாரங்கள் அன்னையார் பழக்கத்தால் ஒரு பிடி சோறு மிகுதியாக வடித்தார். பின்பு அதனைத் தெருவில் உள்ள வேறொரு நாய்க்கு வைத்தார். அதற்கும் சென்ற திங்களில் வெறிநோய் ஊசி இடுவித்தோம்.

மாணவ நண்பர்காள்! நாய்க்கதை என்று இதனைத் தள்ளிவிடாதீர்கள். நாம் அனைவரும் இக்கல்லூரியில் ஒருவகையிற் பிரிவுக்கே பழக்கப்படுகின்றோம். எம் ஆசிரியப் பெருமக்கள், எம்மைப் பிரிய மனமில்லை என்று தேர்வில் யாம் தோற்கவேண்டும் என்று ஒருபோதும் விரும்பியவரல்லர். யாமே நாடாவுக்கு அதனை விரும்பியவர். தம்மை விட்டுச் செல்லுதற்கே பிறரை ஆயத்தம் செய்யும் தொழிலைத் தம் வாழ்நாட்டொழிலாகக் கொண்டோர் எத்துணை உரம் உடையவர் என்பதை, ஒரு நாயைப் பெட்டிக்குப் பழக்கிய அந்தச் சில வாரங்களில் யாம் சிறிது உணர்ந்தோம். நாடா எம்மைக் கண்டு அஞ்சாமல் பெட்டிக்குள் சென்றது. அதற்குரியவராய் யாம் முடிவில் நடந்துகொண்டோம் என்பதே எமக்கு எஞ்சிய ஆறுதல்.